திங்கட்கிழமை விலை

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இருபத்தேழு வருஷம் வேலை பார்த்தவளுக்கு அங்கே வைத்த பெயர் மடிப்பக்கா. அவள் மடித்த போர்வையை உதறினால் நான்கு மூலையும் ஒரே நேரத்தில் விழும் என்பார்கள். சொந்தக்காரர்கள் வைத்த பெயர் வேறு. அது அறுநூத்து நாப்பது. நேருக்கு நேர் அப்படிக் கூப்பிட்டது புருஷனுடைய அக்கா, நாத்தனார் ஒருத்திதான். "அறுநூத்து நாப்பது வந்துட்டாளா? அவங்கவங்க பையை அவங்கவங்க மடியில வெச்சுக்குங்கடி" என்று ஆரம்ப நாட்களில் சிரித்துக்கொண்டே சொல்வாள்; பிறகு பைப் பேச்சு நின்று பெயர் மட்டும் தங்கிவிட்டது. கூட இருப்பவர்களும் சிரிப்பார்கள். சிரிக்காவிட்டால் சிடுமூஞ்சி என்ற பெயரும் சேர்ந்துவிடுமே என்று மடிப்பக்காவும் உதட்டைக் கொஞ்சம் இழுத்து வைத்துக்கொள்வாள். நாற்பத்தொரு வருஷமாக இப்படி இழுத்து இழுத்து, சும்மா இருக்கும்போதும் அந்த உதடு ஒரு பக்கமாகத்தான் நின்றது.

இப்போது அவள் புருஷன் அதே மருத்துவமனையில், முதல் மாடியில், ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தார். வெல்டர். வெளிநாட்டில் பதினொரு வருஷம், திரும்பி வந்து உள்ளூரில் இருபது வருஷம், இரும்பை ஒட்டி ஒட்டிப் புகையாகக் குடித்த நுரையீரல். டாக்டரம்மா மடிப்பக்காவை வராந்தாவுக்குக் கூப்பிட்டுத் தோளைத் தொட்டாள்.

"இனிமே மாசக் கணக்கு இல்லம்மா. வாரக் கணக்குதான்."

மடிப்பக்கா தலையை ஆட்டினாள். அழுகை வரவில்லை. அதற்கு முன்னால் வேறொரு நினைப்பு வந்து நின்றது. இந்த மனுஷன் என்னைத் திருடி என்று நினைத்துக்கொண்டே போய்ச் சேர்ந்துவிடுவாரே! அதுதான். சொந்தபந்தம் என்ன நினைத்தால் என்ன, அதெல்லாம் எப்போதோ மரத்துப்போய்விட்டது. இவர் ஒருவர் மட்டும் தெரிந்துகொண்டு போகவேண்டும்.

நடந்தது இதுதான். கல்யாணமான இரண்டாம் வருஷம் வெல்டர் வெளிநாடு போனார். கடலுக்குள் இரும்புக்கால் ஊன்றி நிற்கும் எண்ணெய் மேடையில் வேலை. ஆறு வாரம் கடலில், ஒரு வாரம் கரையில். கரைக்கு வரும் வாரத்தில் பேங்குக்குப் போய்ப் பணம் அனுப்புவார். ஒரு தடவை அந்த நாட்டுப் பணத்தில் நானூறு அனுப்பினார். இங்கே பேங்கில் மடிப்பக்கா கையெழுத்துப் போட்டு வாங்கியது மூவாயிரத்து நாற்பது. வீட்டு வாடகை இவ்வளவு, மளிகைக்கு இவ்வளவு, மீதம் பெட்டியில் இருக்கிறது என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதிப் போட்டாள். பதில் வந்தது. அதை அவள் மனப்பாடமாகச் சொல்வாள். 'பதினாலாம் தேதி திங்கட்கிழமை காலையில் அனுப்பிவிட்டுப் படகேறினேன். அன்றைய பேப்பரில் ஒன்றுக்கு ஒன்பது இருபது என்று போட்டிருந்தது. என் கண்ணால் பார்த்தேன். மூவாயிரத்து அறுநூற்று எண்பது வந்திருக்கவேண்டும். மீதி எங்கே?'

மீதி அறுநூற்று நாற்பது. அன்றைக்கு அது இரண்டு மாத வாடகை.

அவள் கெட்ட நேரம், அந்த வாரம்தான் அவளுடைய தம்பி சைக்கிள் ரிப்பேர்க் கடை போட்டிருந்தான். கடன் வாங்கித்தான் போட்டான். நாத்தனாருக்கு அது போதுமானதாக இருந்தது. அக்காவின் கடிதமும் பெண்டாட்டியின் கடிதமும் ஒரே படகில் மேடைக்குப் போய்ச் சேர்ந்தன. வெல்டர் அக்காவுக்கு நாலு பக்கம் எழுதினார். அக்கா அதை வீடு வீடாகப் படித்துக் காட்டினாள்.

மடிப்பக்கா பேங்குக்கு ஓடினாள். "அவ்வளவுதாம்மா வந்திருக்கு. கணக்கு சரியாத்தான் இருக்கு" என்றார் கவுன்டர்காரர். அதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டதற்கு, "அப்படி எழுதிக் குடுக்கிற வழக்கம் இல்ல. தள்ளி நில்லுங்க, பின்னால ஆள் நிக்குது" என்றார். நாலு கடிதம் எழுதினாள். சத்தியம் செய்தாள். வெல்டரிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது. இனி பணம் அக்கா பெயருக்கு வரும்.

அதற்குப் பிறகு ஒன்பது வருஷம், மாதம் ஒரு தடவை நாத்தனார் வீட்டு வாசலில் நின்று தன் புருஷன் சம்பாதித்த பணத்தைத் தானே கேட்டு வாங்கினாள். இரண்டாவது வருஷமே சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்ததும் அதனால்தான். வாசலில் நிற்கும் நேரமாவது குறையுமே. வெல்டர் திரும்பி வந்தபோது அவளுக்கு முப்பத்து மூன்று வயது. பிள்ளை பிறக்கவில்லை. அவர் அந்தப் பணப் பேச்சை எடுக்கவில்லை, இவளும் எடுக்கவில்லை. சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. அவர் சம்பளக் கவரைக் கொண்டுவந்து அலமாரியில் வைப்பார். அவள் எடுத்துச் செலவு செய்வாள். கையில் வாங்கிக்கொள் என்று அவர் ஒரு நாளும் நீட்டியதில்லை.

டாக்டரம்மா வாரக் கணக்குச் சொன்ன மறுநாள் காலை, பக்கத்துக் கட்டில் நோயாளியின் மகள் போனில் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தாள். வெளிநாட்டில் இருக்கும் புருஷன்.

"என்னங்க இது? போன மாசம் அனுப்பின அதே தொகைதானே அனுப்பினீங்க? இங்க வந்து பாத்தா இவ்வளவு குறையுது! என்னது? அந்த கவர்மென்ட்டே குறைச்சிடுச்சா? ஒரே நாள்லயா? நல்லா இருக்கு போங்க!"

பல் துலக்கும் தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்த மடிப்பக்கா குழாயை மூட மறந்துபோனாள்.

"ஏம்மா, பணத்தோட விலை ஏறும் இறங்கும்னு கேள்விப்பட்டிருக்கேன். ஒரு பைசா, ரெண்டு பைசா. இவ்வளவா குறையும்?"

"தானா இறங்கினா அவ்வளவுதான் பெரியம்மா. கவர்மென்ட்டே உக்காந்து குறைச்சா ஆறுல ஒரு பங்கு ஒரே அடியா போயிடும். எப்பவோ ஒரு தடவைதான் செய்வாங்களாம். என் அதிர்ஷ்டம், இப்ப செஞ்சிருக்காங்க. பெரியம்மா, தண்ணி போகுது பாருங்க."

மூவாயிரத்து அறுநூற்று எண்பதில் ஆறில் ஒரு பங்கு எவ்வளவு? போர்வைக் கட்டுகளை எண்ணிப் பழகிய மனசு உடனே போட்டுப் பார்த்தது. அறுநூற்றுச் சொச்சம்.

பழைய விலை எங்கே கிடைக்கும் என்று அந்தப் பெண்ணையே கேட்டாள். பேங்கில்தான் என்றாள். வேறொரு கிளையில் போய்க் கேட்டால், அந்தப் பழைய கிளையே மூடி இருபது வருஷமாயிற்று, காகிதமெல்லாம் எரித்தாயிற்று என்றார்கள். அங்கிருந்த ஒரு புண்ணியவதிதான், "பேப்பர் ஆபீசுல பழைய பேப்பரெல்லாம் பைண்டு பண்ணி வெச்சிருப்பாங்க, போய்ப் பாருங்களேன்" என்றாள்.

பேப்பர் ஆபீசின் ரெக்கார்டு ரூம் தரைக்கு அடியில் இருந்தது. இருபத்திரண்டு படி. கீழே ஒரு மேஜை, ஒரு டியூப் லைட், மூக்கில் கைக்குட்டை கட்டிய ஒரு மனிதர். ஓய்வு பெற வேண்டிய வயதைத் தாண்டியவர். தூசி அவருக்கு ஆகாது. ஆனாலும் இந்த வேலைதான் கிடைத்ததாம்.

"சொல்லுங்கம்மா. பரீட்சை ரிசல்ட்டா?"

"என்னது?"

"வழக்கமா அதுக்குத்தான் வருவாங்க. அம்பது வயசுல வந்து, நான் பாஸா ஃபெயிலா பாருங்க சார்ம்பாங்க." தும்மினார். "ஃபெயில்னு இருந்தா பாவம், அழுவாங்க வேற."

அவள் தேதியைச் சொன்னாள். வருஷத்தைக் கேட்டதும் அவர் புருவத்தைத் தூக்கினார். உள்ளே போய், கதவு அகலத்துக்கு ஒரு பைண்டைத் தூக்க முடியாமல் தூக்கி வந்து மேஜையில் போட்டார். தாள் பழுப்பேறி, ஓரம் உதிர்ந்தது. பதினாலாம் தேதி, திங்கட்கிழமை, ஏழாம் பக்கம். தங்கம், வெள்ளி, பருத்தி, அதற்குக் கீழே சின்னக் கட்டத்தில் வெளிநாட்டுப் பணம். அவர் விரலை வைத்து இறக்கிக்கொண்டே வந்து நிறுத்தினார்.

"ஒம்பது இருபது."

"நல்லாப் பாருங்க."

"ஒம்பது ரூபா இருபது காசும்மா. தெளிவா இருக்கு. நீங்களே பாருங்க."

பார்த்தாள். ஒன்பது, ஒரு புள்ளி, இருபது. வெல்டர் கண்ணால் பார்த்த அதே எண். ஆக, அவர் சரி. ஆக, மூவாயிரத்து அறுநூற்று எண்பதுதான் வந்திருக்கவேண்டும்.

"ரொம்ப நன்றிங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். படியில் கால் வைத்தபோதுதான் அந்தக் கேள்வி வந்தது. அப்படியானால் அந்தப் பணம் எங்கே போயிற்று? பேங்கில் இரண்டு தடவை எண்ணினோமா, ஒரு தடவையா? வெளியே வந்தோம். வெயில். தம்பி கடையில் தண்ணீர் குடித்தோம். பையை எங்கே வைத்தோம்? அந்தப் பெஞ்சில். தம்பி அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தான். அக்கா, நீ போய் முகம் கழுவிக்கிட்டு வா, நான் பையைப் பாத்துக்கறேன் என்றான். சொன்னானா? சொன்ன மாதிரிதான் இருக்கிறது. தம்பி செத்து ஆறு வருஷம். அவளுக்காக ஊரிலிருந்தவர்களோடு மல்லுக்கு நின்றவன். நாத்தனார் வீட்டு வாசலில் போய், 'எங்க அக்காவைத் திருடின்னு சொன்ன வாய் எது?' என்று கேட்டவன். பன்னிரண்டு படி ஏறுவதற்குள் அவள் அவனைத் திருடனாக்கிவிட்டாள். அப்புறம்தான், நாம் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறோம் என்று உறைத்து, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா! போயிடாதீங்க!"

ரெக்கார்டு ரூம்காரர் கைக்குட்டையைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுக்கொண்டு படிக்குக் கீழே நின்றார்.

"பதினாலு திங்கக்கிழமைதானே?"

"ஆமா."

"அட என் மண்டையே! கீழ வாங்க. நான் முன்னாடி இந்த வர்த்தகப் பக்கத்துலதான் அச்சுக் கோத்துக்கிட்டிருந்தேன். சனி ஞாயித்துல எங்க வெளிநாட்டுப் பண வியாபாரம் நடக்குது? விலை ஏது? திங்கக்கிழமை பேப்பருக்கு அந்தக் கட்டத்துல கையே வைக்க மாட்டோம். சனிக்கிழமை பேப்பர்ல இருந்த எழுத்தை அப்படியே தூக்கி வெச்சிடுவோம். அது வெள்ளிக்கிழமை விலைம்மா. எந்த ஊர்ப் பேப்பரானாலும் திங்கக்கிழமை விலை திங்கக்கிழமை பேப்பர்ல இருக்காது. செவ்வாக்கிழமை பேப்பர்லதான் இருக்கும்!"

அவள் இறங்கி வருவதற்குள் அவர் தாளைப் புரட்டிவிட்டிருந்தார். பதினைந்தாம் தேதி, முதல் பக்கத்தின் அடியில் நான்கு விரல் அகலத்துக்குச் செய்தி. அந்த நாட்டு அரசாங்கம் நேற்று முற்பகலில் தன் நாணயத்தின் மதிப்பைக் குறைத்தது. ஏழாம் பக்கம், சின்னக் கட்டம். ஏழு, ஒரு புள்ளி, அறுபது.

"எவ்வளவு அனுப்பினாரு உங்க வீட்டுக்காரரு?"

"நானூறு."

அவர் பேனாவால் தன் உள்ளங்கையிலேயே பெருக்கினார். கையைத் திருப்பிக் காட்டினார். மூவாயிரத்து நாற்பது. ஒரு காசு கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

மடிப்பக்கா அந்த உள்ளங்கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அந்நிய ஆம்பளையின் கை என்ற நினைப்பே வரவில்லை. அவர் மறு கையால் தும்மலை அடக்கப் பார்த்து, முடியாமல் தும்மினார். "ஜெராக்ஸ் போட்டு சீல் வெச்சுத் தரேன். அழாதீங்கம்மா, தாள் நனைஞ்சா கிழிஞ்சிடும்" என்றார்.

வார்டுக்கு வந்தபோது மூன்று மணி. வெல்டர் மூக்கும் வாயும் மூடிய ஆக்சிஜன் மூடியோடு விழித்துத்தான் கிடந்தார். அவள் இரண்டு தாளையும் அவர் நெஞ்சின்மேல் விரித்தாள். பேச்சு முந்திக்கொண்டு வந்தது.

"என்னங்க, இதைப் பாருங்க. நீங்க பாத்தது வெள்ளிக்கிழமை விலை. நீங்க அனுப்பின அன்னிக்கு அவங்க குறைச்சுட்டாங்க. நீங்க படகேறின பிற்பாடு. இது செவ்வாக்கிழமை பேப்பர். ஏழு அறுபது. நானூறால பெருக்கிப் பாருங்க. நான் எடுக்கலைங்க. தம்பியும் எடுக்கல. நீங்களும் பொய் சொல்லல. பேப்பர்லயே அப்படித்தான் போட்டிருந்தான்."

வெல்டர் தாளைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார். கையைத் தூக்கி மூடியை விலக்கினார்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"குறைச்சது. எனக்குத் தெரியும்."

"எப்போ?"

மூச்சை இழுத்து, விட்டு, மறுபடி இழுத்துச் சொன்னார். "ஆறு வாரம் கழிச்சு கரைக்கு வந்தேன்ல. அன்னிக்கே. கம்பெனி கேஷியர் சொன்னான். சம்பளத்துல பாதி செத்துப்போச்சுன்னு எல்லாரும் கத்திக்கிட்டிருந்தாங்க. தேதியைக் கேட்டேன். பதினாலுன்னான்."

அவள் நின்றுகொண்டேயிருந்தாள். பக்கத்துக் கட்டில் பெண் ஆரஞ்சு உரிப்பதை நிறுத்திவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அன்னிக்கே தெரிஞ்சுதா?"

"ம்."

"அப்புறமும் பணம் அண்ணி பேருக்குத்தானே வந்துது? ஒம்பது வருஷம்?"

"மாத்தினா ஏன்னு கேப்பா. அக்காவுக்கு நாலு பக்கம் எழுதிட்டேன். அவ ஊரெல்லாம் படிச்சுக் காட்டிட்டா. நான்தான் முட்டாள்னு மறுபடி நாலு பக்கம் எழுத..." இருமல் வந்தது. அவள் மூடியை வைத்துவிட்டாள். அவர் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு மறுபடி விலக்கினார். "நேர்ல வந்து சொல்லிக்கலாம்னு இருந்தேன். வந்தேன். நீ ஒண்ணுமே கேக்கல."

"நான் கேக்கலையா?"

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

மடிப்பக்கா தாள்களை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள். சலவைக்கூடத்து வண்டி அழுக்குப் போர்வைகளோடு கடந்து போயிற்று. தள்ளிக்கொண்டு போனவள், "என்னக்கா, நம்ம ஆஸ்பத்திரியிலயே குடியேறிட்டீங்க?" என்று கேலி பேசிவிட்டு, முகத்தைப் பார்த்ததும் வண்டியை வேகமாக உருட்டிக்கொண்டு போய்விட்டாள். இவ்வளவு வருஷம் ஒரே வீட்டில், ஒரே பாயில், சந்தேகப்படுகிற மனுஷன் என்று நினைத்து ஒருவனுக்குப் பயந்து பயந்து நடந்திருக்கிறாள். அவன் சந்தேகப்படவே இல்லை. வெட்கப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறான். நாத்தனார் 'அறுநூத்து நாப்பது' என்று கூப்பிடும்போதெல்லாம் அவன் எழுந்து வெளியே போய்விடுவான். தன்னைப் பார்க்கப் பிடிக்காமல்தான் போகிறான் என்று இவள் நினைத்திருந்தாள்.

ஐந்து மணிக்கு நாத்தனார் வந்தாள். எழுபத்தாறு வயது, முழங்காலில் பட்டை, கையில் பழப்பை. வாசலிலிருந்தே குரல் வந்தது.

"எப்படிடா இருக்கே? எங்கே நம்ம அறுநூத்து நாப்பது?"

வெல்டர் மூடியைப் பிடுங்கி எடுத்தார். "அக்கா. இவ எடுக்கல."

"எதை எடுக்கல?"

"அந்தப் பணத்தை. அன்னிக்கு விலை குறைஞ்சுபோச்சு. எனக்கு அப்பவே தெரியும். நான்தான் உன்கிட்ட சொல்லல."

நாத்தனார் அவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "எந்தப் பணம்டா? யாரு யாருக்குத் தரணும்?" பிறகு குரலைத் தாழ்த்தி, "மருந்து மயக்கமா? காலைலேர்ந்து இப்படித்தான் பேசுறானா?" என்று கேட்டாள்.

"அண்ணி," என்றாள் மடிப்பக்கா. "என்னை ஏன் அறுநூத்து நாப்பதுன்னு கூப்பிடுறீங்க?"

"அதுவா?" நாத்தனார் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள், அது அவள் முகத்தில் தெரிந்தது. "நீ வேலைக்குப் போற பஸ் நம்பரா? இல்ல, உன் டோக்கன் நம்பரா? ஏதோ ஒண்ணு. பழகிப்போச்சு. ஏண்டி, இத்தனை நாள் இல்லாம இன்னிக்குக் கோவமா?"

மடிப்பக்கா தாளை நீட்டினாள். நாத்தனார் அதைக் கண்ணுக்கு எட்டத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "கண்ணாடி எடுத்துட்டு வரலையே. ஆஸ்பத்திரி பில்லா? எவ்வளவு போட்டிருக்கான்?" என்றாள்.

"ஒண்ணுமில்ல அண்ணி. குடுங்க."

நாத்தனார் அரை மணி நேரம் இருந்தாள். முழங்கால் வலி, மருமகளின் வாய், பழத்தின் விலை. போகும்போது தம்பியின் நெற்றியைத் தடவி அழுதாள். அதுவும் பொய்யழுகை இல்லை.

அவள் போன பிறகு வெல்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக் கிடந்தார். காதோரம் நனைந்திருந்தது. அந்தக் கதையை முழுசாகத் தெரிந்தவர்கள் இனி இந்த உலகத்தில் இரண்டே பேர். அதில் ஒருவரும் வாரக் கணக்கில். மடிப்பக்கா ஸ்டூலை இழுத்துக் கட்டிலின் அந்தப் பக்கம் போட்டு, அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள்.

"ஒரு கடுதாசிகூடவா எழுதத் தோணல?"

மூன்று விரலைக் காட்டினார்.

"மூணு எழுதினீங்களா? எங்க அதெல்லாம்?"

"கிழிச்சுக் கடல்ல போட்டுட்டேன்."

"என்னன்னு எழுதினீங்க?"

அவர் போர்வை நுனியை விரலில் சுற்றினார்.

"எனக்கு எழுதினதுதானே? எனக்குச் சேர வேண்டியதுதானே? சொல்லுங்க. எழுதினபடியே சொல்லுங்க. அவசரமில்ல."

வெல்டர் கண்ணை மூடினார். பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கச் சொன்னால் பிள்ளைகள் மூடிக்கொள்வார்களே, அந்த மாதிரி. மூடியை அவளே பிடித்து விலக்கிக்கொண்டாள்.

"நலம்," என்றார். மூச்சு இழுத்தது. "நலமறிய..."

அதற்குமேல் காற்று இல்லை. அவள் மூடியைத் திரும்ப வைத்தாள். அவருடைய நெஞ்சு ஏறி இறங்கிச் சமனாகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் தெளிந்ததும் அவரே கையசைத்தார். விலக்கினாள். மறுபடி முதலிலிருந்துதான் ஆரம்பித்தார். மறுபடி அதே இடத்தில் நின்றது.

பார்வையாளர்கள் வெளியேறும் மணி அடித்தது. காவலாளி கட்டில் கட்டிலாக ஆட்களை எழுப்பிக்கொண்டே வந்து, இவர்கள் கட்டிலருகே ஒரு நிமிஷம் நின்றுவிட்டு அடுத்த வார்டுக்குப் போனான். மடிப்பக்கா மூடியின் விளிம்பில் விரலை வைத்தபடி, கடிதத்தின் அடுத்த வரிக்காகக் குனிந்து காத்திருந்தாள்.